இரண்டு வீட்டுச் சோறு

இரண்டு பெண்சாதிக்காரரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மடையன் நான். ஆசையினால் வந்த பொறாமை என்றாலாவது ஆண்பிள்ளைதானே என்று மன்னித்துவிடலாம். எனக்கு வந்தது சோற்றினால் வந்த பொறாமை. ஆண்கள் சத்திரசிகிச்சை வார்ட்டில் தாதியாகச் சேர்ந்த புதிது. பகல் பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்தால் மற்றக் கட்டில்களுக்கு ஒரு சோற்றுப் பார்சல் வரும். ஒன்றிரண்டு கட்டில்களுக்கு மட்டும் இரண்டு வரும். ஒன்றைத் திறந்தால் இறால், மற்றதைத் திறந்தால் கோழி. கன்டீன் பருப்பில் பருப்பைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அந்த வாசம் போதும். 'கொடுத்து வைத்தவன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். மனதுக்குள்ளேயே வைத்திருந்தால் பிழைத்திருப்பேன். ஒருநாள் வீட்டிலும் சொன்னேன்.

"ரெண்டு முடிச்சவனுக்கு ரெண்டு கறி புள்ள," என்றேன்.

என் மனைவி அகப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப மத்தவள்ர கறியத் திண்டுக்கிட்டு இரிங்க," என்றாள். அந்தக் கிழமை முழுக்க நான் அந்த மற்றவளைத் தேடினேன். கன்டீன்காரன்தான் கிடைத்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அண்மையில் வார்ட்டில் ஒருவரின் பிரியாவிடைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை அழைப்பது பழைய சக்கர நாற்காலியை வெளியே எடுத்துத் தூசி தட்டுவது மாதிரி. ஒரு சுற்று உருட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே தள்ளிவிடுவார்கள். தேநீர் குடிக்கும்போது, இன்னும் கல்யாணமாகாத ஒரு தாதி இளைஞன் கேட்டான்: "சேர், எங்கட முஸ்லிம் கல்யாணச் சட்டத்த மாத்தணும் எண்டு ஒரு பக்கம் கத்துறாங்க, மாத்தப்படாது எண்டு மத்தப் பக்கம் கத்துறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"தம்பி, எனக்குச் சட்டம் தெரியாது. சீனி வருத்தம்தான் தெரியும்," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பது அந்த வார்ட்டின் பழக்கம். ஆனால் அன்று நான் சொன்னது பகிடி இல்லை.

தாதியர் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தேன். அங்கே கற்றதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்: கட்டில் விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது, ஊசியை எந்தச் சாய்வில் பிடிப்பது, பெண்கள் நிறைந்த வகுப்பில் ஓர் ஆண்பிள்ளை எப்படி மூச்சு விடுவது. கடைசிப் பாடத்தில் நான் தேறவில்லை. ஏறாவூருக்குத் திரும்பி வந்தபோது ஊரில் பாதிப்பேர் என்னை டொக்டர் என்றார்கள், மீதிப்பேர் கட்டில் துடைக்கிறவர் என்றார்கள். முதல் பாதியை நான் திருத்தவில்லை.

உண்மையான படிப்பு சிஸ்டர் டொரத்தியிடம் தொடங்கியது. அவர் எங்கள் வார்ட்டின் தலைமைத் தாதி. மட்டக்களப்புப் பட்டினத்துப் பறங்கிப் பெண்மணி. வீட்டில் போர்த்துக்கீசம் கலந்து பேசுவார், டொக்டரோடு ஆங்கிலம், எங்களோடு தமிழ். கோபம் வந்தால் மூன்றையும் நிறுத்திவிடுவார். அவர் திட்டி நான் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பதில் திட்டினால் நிம்மதியாக இருக்கும்.

பார்வையாளர் மணி அடித்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வார்ட் வாசலில் நிற்பார். உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "ஆர் நீங்க அவருக்கு?" சத்திரசிகிச்சை வார்ட்டில் இந்தக் கேள்விக்கு நியாயமான காரணம் உண்டு. நோயாளிக்கு நினைவு தப்பினால் வெட்டுவதா விடுவதா என்று ஒருவரிடம் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய ஆள் யார் என்று முன்பே தெரிந்திருந்தால், அந்த நேரத்தில் வார்ட் வாசலில் உறவுகள் அடிபடாது.

ஊசி விஷயத்தில் அவர் இன்னும் கண்டிப்பு. சீனி வருத்தக்காரருக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுவோம். மருந்து போய்ச் சீனியை இறக்கும். சாப்பாடு போய் அதைத் தாங்கிப் பிடிக்கும். சாப்பாடு போகாவிட்டால் ஆள் போய்விடுவான். "சோத்தக் கண்ணால காணாம ஊசியக் கையால தொடாத மகன். மூடியப் பாக்காத, சோத்தப் பார்," என்பார். எல்லா ஆண்களும் அவருக்கு மகன்தான், பெரிய டொக்டர் உட்பட.

"ஆர் நீங்க அவருக்கு?" என்ற கேள்வியால் அந்த வாசலில் நான் பார்த்த கூத்துகள் கொஞ்சமல்ல. வவுணதீவுப் பக்கத்திலிருந்து ஒரு வேளாண்மைக்காரர், தமிழர், உழவு மெசினிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து வந்தார். முதல் நாள் வந்த பெண், "பொஞ்சாதி" என்றாள். மறுநாள் வந்தவள், "தங்கச்சி" என்றாள். தங்கச்சி கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சிஸ்டர் என் காதுக்குள் சொன்னார்: "மகன், எனக்கும் அண்ணன் ஒருத்தன் இரிக்கான். அவன்ட கால் உடைஞ்சா நான் இப்பிடி அழ மாட்டன்."

பொஞ்சாதியும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் வந்த நாளில் மனிதர் கண்ணை மூடிக் குறட்டை விட்டார். தொடை முறிந்து கிடப்பவன் அவ்வளவு இனிமையாகக் குறட்டை விட்டதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

முஸ்லிம்களான எங்கள் ஆட்களுக்கு இரண்டு முடிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இரண்டாமவள் வாசல் வழியாக வருவாள். தமிழர்களுக்கு இடமில்லை; வேலி வழியாக வருவாள். உள்ளே வந்தபின் நடக்கும் கூத்து ஒன்றுதான். பறங்கியர் எப்படி என்று ஒருநாள் சிஸ்டரையே கேட்டேன். "உங்கட ஆக்கள் ஒண்டோட நிப்பாங்களா சிஸ்டர்?"

"கோயில்ல ஒண்டுதான். எங்கட கோயில் சின்னன் மகன்," என்றார், ஊசிகளை எண்ணிக்கொண்டே.

இடையில் சம்பளமில்லா விடுமுறை எடுத்து வளைகுடா நாடொன்றில் வேலை செய்தேன். அங்கே ஒரு பணக்காரக் கிழவர் என் பொறுப்பில் இருந்தார். நாலு மனைவிகள். ஒவ்வொருத்திக்கும் தனி வீடு, தனிக் கார், தனிச் சமையல்காரி. யார் எப்போது அவரைப் பார்க்க வருவது என்பதைக் கவனிக்க ஒரு கிளாக்கர் வைத்திருந்தார். கிளாக்கர் மணிக்கூட்டைப் பார்த்து ஒருத்தியை அனுப்புவார், மற்றவளை எடுப்பார். ஒருநாள் கிழவர் என்னிடம், "உனக்கு எத்தனை?" என்று கேட்டார். ஒன்று என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

"அவள் உன்னோடு பேசுவாளா?"

"நாள் முழுக்கப் பேசுவாள்."

கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னுடைய நாலு பேரும் என்னோடு பேசுவதில்லை. கிளாக்கரோடுதான் பேசுகிறார்கள்," என்றார். பொறாமைப்பட வந்த நான், பொறாமைப்படப்பட்டு ஊர் திரும்பினேன்.

இவ்வளவும் கண்ட பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்கு ஆதம்பாவா வர வேண்டியிருந்தது.

ஆதம்பாவா புடவைக் கடைக்காரர். நல்ல உயரம், வெள்ளைச் சாரன், வார்ட்டின் மருந்து மணத்தையே தோற்கடிக்கும் அத்தர். செருப்புக் கடித்த சின்னப் புண்ணைக் கவனிக்காமல் விட்டு, வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போய் வந்தார். இரத்தத்தில் சீனி ஏறிய ஏற்றத்தைப் பார்த்து நாங்கள் மெசின் பழுதென்று நினைத்து வேறு மெசினில் பார்த்தோம். அதுவும் அதையே சொன்னது.

பெரிய டொக்டர் சிங்களவர், மட்டக்களப்பில் தமிழ் படித்தவர். கட்டிலடியில் நின்று, "ரெண்டு கிழம பாப்பம். சீனி இறங்கினா ரெண்டு விரல் மட்டும். இறங்காட்டி இதுக்குக் கீழ முழுக்க," என்று சொல்லி, உள்ளங்கையின் ஓரத்தை முழங்காலுக்குக் கீழே வைத்துக் காட்டினார். கடையில் துணி கிழிக்கும் இடத்தைக் காட்டுவதுபோலவே இருந்தது. ஆதம்பாவாவுக்கு அந்தச் சைகை நன்றாக விளங்கியது.

டொக்டர் போனதும் என் கையைப் பிடித்தார். "தம்பி, காலப் போக்கிராதீங்க. ஒத்தக் காலோட நான் எப்பிடி ரெண்டு ஊட்டுக்கும் போறது?"

மூத்தவர் பாத்தும்மா, காத்தான்குடியில், இவருடைய ஊரிலேயே. இளையவர் ஜெமீலா, ஓட்டமாவடியில்; அவரை முடித்துப் பதினொரு வருஷம். பட்டினத்துக்குத் தெற்கே ஒரு வீடு, வடக்கே தொலைவில் ஒரு வீடு, நடுவில் ஆஸ்பத்திரி. ஒருநாள் பாத்தும்மாவின் மூத்த மகள் வந்தாள், வந்தாறுமூலைக் கம்பசில் படிப்பவள். சிஸ்டர் வழக்கம்போல் "ஆர் நீ அவருக்கு?" என்று கேட்டார். "மூத்த ஊட்டு மகள்," என்றாள். அவள் உள்ளே போனபின் சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்: "நான் உறவக் கேட்டன், அது விலாசத்தச் சொல்லுது."

சீனி இறங்கவில்லை. மருந்தின் அளவைக் கூட்டினார்கள், இறங்கவில்லை. இன்சுலின் பழுதோ என்று குப்பியை மாற்றினார்கள், இறங்கவில்லை. எனக்கு இயல்பிலேயே மூக்கு நீளம். ஒரு பகல் மற்ற வேலையை விட்டுவிட்டு அவர் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தவுடன் பாத்தும்மா முன்படியால் வந்தார். நாலு அடுக்குக் கரியரைத் திறந்து, சோறு, கொடுவா மீன் ஆணம், இறால், கத்தரிக்காய்ப் பாலாணம் எல்லாம் ஊட்டாத குறையாகக் கொடுத்து, வெறுங் கரியரோடு போனார். அவர் முன்படியால் இறங்கவும் ஜெமீலா பின்படியால் ஏறி வந்தார். இன்னொரு கரியர். நெய்ச்சோறு, கோழி. மனிதர் அப்போதுதான் நோன்பு திறப்பவர்போல் இரண்டாம் தடவையும் உட்கார்ந்தார்.

"என்ன காக்கா இது?" என்றேன், எல்லாம் முடிந்தபின். எங்கள் பேச்சில் காக்காவும் நானாவும் அண்ணன், ராத்தா அக்கா.

"என்ன செய்யச் சொல்றீங்க தம்பி? ஒருத்திர சோத்தத் திண்டுட்டு மத்தவள்ர சோத்த ஒதுக்கினா அது அநீதி. மறுமையில கேள்வி இரிக்கி."

"கால் போனா இம்மையிலயே கேள்வி இரிக்கே காக்கா."

"நீதியா நடக்கோணும் தம்பி," என்றார், ஏப்பத்தோடு.

நாலு வரை முடிக்கலாம் என்பது எங்கள் ஆண்களுக்கு எழுப்பிக் கேட்டாலும் மனப்பாடம். மனைவியரிடையே நீதி என்ற நிபந்தனை வந்தால் மட்டும் அதை இப்படிச் சோற்றுக் கோப்பையால் அளந்து தங்கள் வயிற்றுக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள். பெண்கள் இருவரும் வெயிலில் பஸ் பிடித்து, படிகளில் ஒளித்து ஏறி இறங்கிக்கொண்டிருக்க, இவர் சாப்பிட்டு நீதி செலுத்திக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் நான் புத்திசாலியானேன். பாத்தும்மாவிடம் போய், "ராத்தா, நீங்க ஒருநாள், அவ ஒருநாள். முறை வெச்சுக் கொண்டாங்க. காக்காட காலக் காப்பாத்தணும்," என்றேன். சரி தம்பி என்றார். ஜெமீலாவிடம் தனியாக அதையே சொன்னேன். சரி நானா என்றார். முதல் நாள் ராத்தாவின் முறை என்று இரண்டு பேரிடமும் முடிவாகச் சொல்லிவிட்டு, இரண்டு வல்லரசுகளுக்கிடையே சமாதானம் செய்தவன்போல் நடந்து சிஸ்டரிடம் போனேன்.

சிஸ்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அவங்க ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்தாங்களா?"

"இல்ல சிஸ்டர். நான்தான் தனித்தனியாக் கதைச்சன்."

"அதத்தானே மகன் அவரும் செய்யிறார்," என்றுவிட்டுப் போனார்.

எனக்கு விளங்கவில்லை. விளங்காத விஷயத்துக்குச் சிரிப்பது என் வழக்கம், சிரித்தேன்.

முதல் நாள் பகல் பாத்தும்மா மட்டும் வந்தார். ஜெமீலா வரவில்லை. பின்னேரம் சீனி பார்த்தேன். முதல் தடவையாக இறங்கியிருந்தது. இன்சுலினை நானே கண்டுபிடித்ததுபோல் அந்த எண்ணை வார்ட் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பின்னேரப் பார்வையாளர் மணி அடித்தது. எல்லாக் கட்டிலுக்கும் ஆள் வந்தது. ஆதம்பாவாவின் கட்டிலுக்கு ஒருவரும் வரவில்லை.

நடந்தது இதுதான். அவர் வீடுகளில் முறை மாறுவது மஃரிபோடு. பொழுது பட்டு மஃரிப் தொழுதால் எங்களுக்கு அடுத்த நாள் பிறந்துவிடும். அந்த நேரத்தில்தான் அவர் ஒரு வீட்டிலிருந்து கிளம்பி மற்ற வீட்டுக்குப் போவார். பதினொரு வருஷமாக அப்படித்தான். பாத்தும்மா அந்தக் கணக்கை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்துவிட்டார். பகல் சோறோடு என் முறை முடிந்தது, இராச் சாப்பாடு அடுத்த முறைக்காரியுடையது என்று வீட்டில் இருந்துவிட்டார். ஜெமீலாவோ ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரிக் கணக்குத்தானே என்று, விடிந்தால் என் முறை, இன்று முழுக்க ராத்தாவுடையது என்று இருந்துவிட்டார். இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசிய மகாபுத்திசாலிக்கு, நாள் எப்போது தொடங்குகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் தினமும் மஃரிப் தொழுகிறவன்தான்.

எதிர்க் கட்டிலில் உன்னிச்சை என்ற ஊர்க்காரர் ஒருவர் கிடந்தார், குடலிறக்கம் வெட்டியவர். சிரித்தால் தையல் வலிக்கும் என்று தெரிந்தும் சிரிப்பை விடாதவர். ஆதம்பாவா வாசலையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்ன பாவா, இண்டைக்கு ரெண்டு கடையும் பூட்டா?" என்று கேட்டார். வார்ட் முழுக்கச் சிரித்தது. வந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆதம்பாவாவும் சிரித்தார். பிறகு, கூட்டம் கலைந்தபின், அவர் செய்தது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. அன்று பகல் பாத்தும்மா கழுவிவைத்து, அவசரத்தில் மறந்துவிட்டுப் போன வெறுங் கரியரை லொக்கருக்குள்ளிருந்து எடுத்து மேலே வைத்தார். அதற்கு மேல் ஒரு துவாயைப் போட்டார், சூடு ஆறாமல் மூடுவதுபோல.

நான் ஊசியோடு போனேன். "சாப்பாடு வந்திட்டா காக்கா?"

"வந்திட்டுத் தம்பி. நான் கண்ணயந்து போனன், வெச்சிட்டுப் போயிட்டாளுகள். ஊசியப் போடுங்க, கறி ஆறிரும்."

துவாயைச் சற்று விலக்கினேன். கரியர் பளபளவென்று இருந்தது. ஊசியைப் போட்டேன். அளவும் இன்னும் குறைக்கப்படவில்லை. இரண்டு வீட்டுச் சோற்றுக்காக ஏற்றிய அளவு அது.

நான் தொழுதுவிட்டு வந்து கொஞ்ச நேரம் போயிருக்கும். உன்னிச்சைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, பாவா ஆருக்கோ புடவ விக்கிறார், வந்து பாருங்க."

ஆதம்பாவா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இல்லாத துணியைக் காற்றில் முழம் போட்டுக்கொண்டிருந்தார். "ஆறு முழம்... இந்தா ஏழு... கரையப் பாருங்க கா, இது சாயம் போகாது..." மீசை வைத்த எங்கள் அட்டெண்டனைப் பார்த்து, "ஜெமீலா, கதவப் பூட்டு புள்ள," என்றார். நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன், ஆள் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் சேர்ட் நனைந்து உடலோடு ஒட்டியிருப்பதைக் கண்டேன். தொட்டால் குளிர். கை முழம் போடுவதை நிறுத்தி நடுங்கத் தொடங்கியது. கண் மேலே போனது.

சிஸ்டர் ஓடி வரவில்லை. அவர் ஒருபோதும் ஓடமாட்டார். வந்து நெற்றியில் கை வைத்தார். "குளுக்கோஸ்," என்றார். அது பாகுபோல் தடித்த மருந்து; பெரிய சிரிஞ்சில் எடுத்து, நாளத்தில் மெதுவாகத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் நாளம் வெடிக்கும், சுணங்கினால் ஆள் போய்விடும். குளிர்ந்த கையில் நாளம் அகப்படவில்லை. முதல் குத்துத் தவறியது. "மெல்ல மகன்," என்றார் சிஸ்டர், சந்தையில் மீன் பார்ப்பவர்போன்ற குரலில். இரண்டாம் குத்தில் இரத்தம் திரும்பி வந்தது. தள்ளினேன். பெருவிரல் விறைத்தது. பாதி சிரிஞ்சு போனபோது ஆதம்பாவா கண்ணைத் திறந்து, "கடை பூட்டியாச்சா?" என்றார்.

அதற்குள் சிஸ்டர் துவாயை எடுத்துவிட்டுக் கரியரைத் திறந்திருந்தார். ஒவ்வொரு அடுக்காகக் கழற்றி லொக்கருக்கு மேல் வரிசையாக வைத்தார். நாலும் வெறுமை. பிறகு என்னைப் பார்த்தார்.

"எதப் பாத்தாய் மகன்?"

"மூடிய, சிஸ்டர்."

மூன்று மொழியும் நின்றன.

பாணும் சீனி போட்ட தேத்தண்ணியும் கொடுத்து, அவர் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். "ஏன் காக்கா பொய் சொன்னீங்க? ஆஸ்பத்திரிச் சோறாவது எடுத்துத் தந்திருப்பனே."

கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பொஞ்சாதிக்காரன் பட்டினி கிடக்கான் எண்டு எப்பிடித் தம்பி வாய் திறந்து சொல்ற?"

நான் இன்னொரு பாண் துண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

மறுநாள் சிஸ்டர் இரண்டு பெண்களையும் தன் சின்ன அறைக்கு அழைத்தார். பதினொரு வருஷத்தில் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என்னை வாசலில் நிற்கச் சொன்னார். தண்டனை என்று நினைத்தேன், பாடம் என்று பிறகு தெரிந்தது. அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. "அவர் உங்கட ஊட்ட எவ்வளவு சாப்பிடுவார்?" என்று மட்டும் கேட்டார்.

பாத்தும்மா பெருமூச்சு விட்டார். "பாவம் சிஸ்டர், பசியோடதான் வருவார். அங்க ஒண்டும் குடுக்கிறல்லயாம். அதுக்காகவே ரெண்டு நேரச் சோத்த ஒரு நேரத்தில போடுவன்."

ஜெமீலா மெதுவாகத் திரும்பினார். "அங்க எண்டா எங்க ராத்தா?"

"உன்ட ஊட்டதான்."

"என்ட ஊட்டயா? அல்லாஹ்! எனக்கிட்ட வந்து, மூத்தவ பச்சத் தண்ணியும் தாறல்ல எண்டு சொல்லித்தானே மூணு தரம் போட்டுத் திங்கிற! உங்கட ஊட்டயிருந்து வாற அண்டைக்குத்தான் நான் கூடச் சமைக்கிற!"

   அடி விழும் என்று காத்திருந்தேன். பாத்தும்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஜெமீலாவுக்கும் தொற்றியது. அந்த அறையில் எத்தனையோ பெண்கள் அழுததைக் கேட்டிருக்கிறேன். எதற்கும் இவ்வளவு பயந்ததில்லை.

"அப்ப சீனி எங்கயிருந்து வந்த எண்டு தெரிஞ்சிது," என்றார் சிஸ்டர், ஒரு தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்து. "இனி இதால ஒண்டரக் கோப்பச் சோறு. அவ்வளவுதான்."

அதன் பிறகு ஒரு கரியர்தான் வந்தது. பஸ் அலைச்சல் வேண்டாம் என்று ஜெமீலா பாத்தும்மாவின் வீட்டிலேயே தங்கினார். ஒருத்தி அரிசி அளக்க, மற்றவள் கறிக்கு எண்ணெயைக் குறைக்க, ஒரு அடுப்பு. இருவரும் ஒன்றாக முன்படியால் ஏறி வருவார்கள். அவர் சாப்பிடும்போது வாசலுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். ஆதம்பாவா ஒரு வாய் சோற்றுக்கு இரண்டு தடவை வாசலைப் பார்ப்பார்.

"தம்பி, அவளுகள் என்ன கதைக்காளுகள்?"

"கதைக்கிற குறைவு காக்கா. சிரிக்கிறாங்க."

"அதுதான் தம்பி எனக்குப் பயமா இரிக்கி."

பயத்தாலோ, ஒன்றரைக் கோப்பையாலோ, சீனி இறங்கியது. மருந்தின் அளவு பாதியாகக் குறைந்தது. பெரிய டொக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்: இரண்டு விரல்கள் மட்டும் போயின. கால் நின்றது. மருந்து கட்டும்போதெல்லாம் மனிதர் அந்தக் காலைப் புதுப் புடவையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

டிக்கெட் வெட்டும் நாள் வந்தது. நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். போகும் இடத்துக்குக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில்தான் தொடர்ந்து மருந்து கட்ட வேண்டும் என்பதால், விலாசத்தைக் கேட்டு எழுதித்தான் அனுப்புவோம். பேனையோடு போய், "எந்த ஊடு காக்கா? காத்தான்குடியா, ஓட்டமாவடியா?" என்றேன். பொறுங்க தம்பி என்று வாசலைப் பார்த்தார்.

வெளியூர்க்காரருக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியேறுவது. வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் கட்டி, அவள் பெயரில் எழுதிக் கொடுப்பார்கள். அவன் ஒரு பெட்டியோடு போவான். அவனைப் பெற்ற தாயின் வீடு அவனுடைய சகோதரிக்குப் போய்விடும். ஒன்று முடித்தவன் ஒரு பெண்ணின் வீட்டில் இருக்கிறான். இரண்டு முடித்தவன் இரண்டு பெண்களின் வீட்டில் இருக்கிறான். ஆதம்பாவாவும் அப்படித்தான், காத்தான்குடிக்கு ஒரு பெட்டியோடும் ஓட்டமாவடிக்கு ஒரு பெட்டியோடும் போனவர்.

பெண்கள் இருவரும் வந்தார்கள். கரியர் இல்லை. ஆளுக்கொரு பை. பாத்தும்மாவின் பையில் சாரன்கள், சேர்ட்டுகள், தொப்பிகள், எல்லாம் துவைத்து மடித்தபடி. ஜெமீலாவின் பையிலும் அப்படியே. மேலே அத்தர்க் குப்பி. இரண்டையும் கட்டிலடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஜெமீலா குனிந்து, அவர் காலில் கட்டு சரியாக இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்தார். ஆதம்பாவா பைகளைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். 

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "என்ன ராத்தா, உடுப்பெல்லாம் ஒண்டா வந்திரிக்கி? காக்காவ எந்த ஊட்டுக்குக் கொண்டு போறீங்க, உங்கட ஊட்டுக்கா, இவட ஊட்டுக்கா?"

பாத்தும்மா முக்காட்டை இழுத்துச் சரி செய்துகொண்டார்.

"அவர்ர ஊட்டுக்கு."